முடிவும் பெறுபேறும்
கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் தெருவில் உளவியல் படிக்கும் பெண், தன் ஆய்வறிக்கையைப் பார்த்துத் தரச் சொன்னாள். 1935இல் ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனையின் தமிழ் வடிவம்: ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதிக் காட்டினால், மையின் நிறத்தைச் சொல்ல நாக்கு தடுமாறும். நொடிக்கணக்கு அட்டவணைக்குத் தலைப்பு ‘முடிவு’. அதிலிருந்து அவள் ஊகித்ததற்கும் தலைப்பு ‘முடிவு’. இது சரியில்லை. முடிதல் என்றால் தீர்தல் மட்டுமல்ல, கட்டுதலும்தான். முந்தானையில் காசை முடிந்து வைக்கிறோம், கூந்தலை அள்ளி முடிகிறோம்; முடிச்சும் அதன் உறவே. ஆக, சிதறிக் கிடந்ததை ஒன்றாகக் கட்டும் கடைசிப் பகுதிக்குத்தான் ‘முடிவு’ பொருந்தும். அளந்து கிடைத்த எண்களுக்கு? தேர்வில் கிடைப்பதை இலங்கைத் தமிழர் ‘பெறுபேறு’ என்கிறார்கள். பெறு, பேறு இரண்டும் ஒரே வேர். மகப்பேற்றில் இருப்பதும் அதே பேறுதான். நம் பக்கம் ‘பேறு’ என்றதும் பாக்கியம் என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வருகிறது; அது ஒரு தடை. ஆனாலும், கிடைத்தது வேறு, அதை வைத்து நாம் சொல்வது வேறு என்று ஓர் அறிக்கையில் பிரித்துக் காட்ட, இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தென்படவில்லை.