பீஸ் போன கதை

டவுன்ல இருக்கிறவங்களுக்கும் "பீஸ் போன பல்பு"ன்னா தெரியும். உண்மையில போறது பீஸ் இல்லை, உள்ள இருக்கிற இழைதான் அறுந்து போகுது. ஆனாலும் பேரு நிலைச்சுப் போச்சு. கரண்ட் பில் கட்டாதவன் வீட்டுல "பீசைப் புடுங்கிட்டாங்க"ன்னு சொல்றது மட்டும் சரியான பேச்சு.

இந்தப் பீஸ் மேல எனக்கு அக்கறை வந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு. பத்து வருசத்துக்கு முன்னாடி ஒரு தை மாசம், ராத்திரி எட்டு மணிக்கு சோளத்தட்டு லோடு ஏத்திட்டு வீட்டுக்கு வந்துட்டு இருந்தேன். டிராக்டர்ல ஹெட்லைட் அணைஞ்சுது. கண்ணாடிக்குழாய் பீஸ் கருகிக் கிடந்துச்சு. கைவசம் இருந்த ஒண்ணைப் போட்டேன், அதுவும் உடனே போச்சு. கூட வந்த ஆளுகிட்ட சிகரெட் பாக்கெட் இருந்துது. அந்த வெள்ளித்தாளை பீஸ் மேல சுத்தி மாட்டினேன். லைட் எரிஞ்சுது. கெட்டிக்காரன்னு நினைச்சுக்கிட்டேன்.

அரை கிலோமீட்டர் போகலைங்க. ரப்பர் கருகுற வாசம், அப்புறம் பானெட்டுக்கு அடியில புகை. பின்னாடி காய்ஞ்ச தட்டு, அதுக்கு மேல என் பையன். பேட்டரி வயரை எப்படிப் புடுங்கினேன்னு இப்பவும் தெரியல. உள்ளங்கையில தழும்பு இருக்கு.

அந்தப் பழக்கம் எங்களுக்கு மோட்டார் ரூம்ல இருந்து வந்தது. பீஸ் கட்டையில கம்பி அடிக்கடி உருகினா, இன்னும் ரெண்டு இழை சேர்த்து முறுக்கிப் போடுவோம். மோட்டார் காயில் எரிஞ்ச பிறகுதான் தப்பு தெரியும்.

பீஸோட பிறப்பே மெலிசான கம்பிலதான். 1847ல பிரெகேன்னு ஒரு பிரெஞ்சுக்காரர், இடி விழுந்தா தந்தி நிலையம் எரியாம இருக்க, வழியில கொஞ்ச தூரம் மெல்லிய கம்பி போடச் சொன்னார். இடி வந்தா அது உருகி அறுந்துரும், கருவி தப்பிச்சுக்கும். பிறகு எடிசன் ஊருக்கு கரண்ட் குடுக்க ஆரம்பிச்சப்போ, 1890ல தன்னோட மின் விநியோக முறைக்காக பீஸுக்கு காப்புரிமை வாங்கினார்.

அந்தக் காலத்துக் காருக்கு இந்தக் கவலையே இல்லை. கையால சுத்தி ஸ்டார்ட் பண்ணணும், விளக்கு கார்பைடு கேஸ்ல எரியும். 1912ல கேடிலாக் காருல கெட்டரிங் செஞ்ச மின்சார ஸ்டார்ட்டர் வந்துச்சு. பேட்டரி, டைனமோ, மின்விளக்கு எல்லாம் அதோட சேர்ந்து வந்துச்சு. வண்டி முழுக்க வயர் ஓட ஆரம்பிச்சுது.

பேட்டரி 12 வோல்ட்தான், கையில தொட்டாலும் அடிக்காது. அதனாலதான் நாம அலட்சியமா இருக்கோம். கணக்கைப் பாருங்க. 60 வாட் பல்பு வீட்டுல 230 வோல்ட்ல கால் ஆம்பியர்தான் இழுக்கும். அதே 60 வாட் வண்டியில 5 ஆம்பியர் இழுக்கும். எங்கயாவது வயர் பாடியில ஒட்டிச்சுன்னா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். பீஸ் உருகலைன்னா வயர் உருகும். என் டிராக்டர்ல நடந்தது அதுதான்.

எங்க ஊர்ல வாடகைக்கு ஓடின அம்பாசடர், இங்கிலாந்து மோரிஸ் ஆக்ஸ்போர்டைப் பார்த்துச் செஞ்சது. அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகள் பலதுல மொத்தமே ரெண்டு பீஸ்தான். ஹெட்லைட்டுக்கு பீஸே இருக்காது. ஓடுற வண்டியில திடீர்னு இருட்டாகக் கூடாதுன்னு அப்படி விட்டாங்கன்னு சொல்வாங்க. அந்த லூகாஸ் கண்ணாடி பீஸ்ல 35ன்னு எழுதியிருக்கும். அது உருகுற அளவு. தொடர்ந்து தாங்குறது அதுல பாதிதான். அமெரிக்கக் கணக்குல எழுதியிருக்கிறது தாங்குற அளவு. இது தெரியாம எண்ணை மட்டும் பார்த்து 35க்கு 35 மாத்தினா, ரெண்டு மடங்கு பெரிய பீஸ் போட்ட மாதிரி ஆயிரும்.

இப்போ உங்க காருல இருக்கிற கலர் பிளாஸ்டிக் தகடு பீஸ், 1976ல அமெரிக்காவுல லிட்டெல்ஃபியூஸ் கம்பெனி கொண்டாந்தது. சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. எழுதப் படிக்கத் தெரியாதவனும் கலரைப் பார்த்து மாத்தலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச விசயம், அதுல வெள்ளித்தாள் சுத்த வசதி இல்லை. ஆனா சிவப்பு இருந்த இடத்துல பச்சையைச் சொருகுற ஆளுங்க இன்னும் இருக்காங்க.

மறுநாள் என் வண்டியைப் பார்த்த பேட்டரி கடைக்காரர் திட்டவே இல்லை. கருகின வயரையெல்லாம் மாத்தினார். பீஸ் இருக்கிற இடத்துல பீஸுக்குப் பதிலா ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி, ரெண்டு ஹெட்லைட் பல்பையும் கழட்டிட்டு சுவிட்சைப் போட்டார். எரியக் கூடாத பல்பு பளிச்சுன்னு எரிஞ்சுது. "எங்கயோ பாடியில ஒட்டுதுங்க"ன்னார். ஒவ்வொரு இணைப்பா கழட்டிட்டே வந்தார். வலது விளக்குக்குப் போற வயரைக் கழட்டினதும் பல்பு அணைஞ்சுது. பானெட் விளிம்புல உரசி உரசி, ஒரு நகக்கண் அளவுக்குத் தோல் போயிருந்துச்சு.

அந்த இடத்துக்கு ஒரு ரப்பர் குழாய் மாட்டிக் குடுத்தார். இப்போ டூல்பாக்ஸ்ல சரியான அளவு பீஸ் நாலு, வயர் வச்ச பல்பு ஒண்ணு எப்பவும் கிடக்கும். பையன்தான் அதை எண்ணிப் பார்த்து வைக்கிறான்.