பாய்லர் கணக்கும் 58 உயிர்களும்

பாய்லர் என்றதும் நீராவி எஞ்சினும் ஜேம்ஸ் வாட்டும்தான் ஞாபகம் வரும். பள்ளிப் பாடம் அதோடு முடிந்துவிடும். ஆனால் அந்த இரும்புப் பீப்பாய்க்குள் எவ்வளவு அழுத்தம் ஏற்றலாம் என்று முடிவு செய்தது யார்? இதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

1905 மார்ச் 20, திங்கட்கிழமை காலை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிராக்டன் என்ற ஊர். ஷூ தயாரிப்புக்குப் பேர்போன இடம். அங்கே குரோவர் ஷூ தொழிற்சாலை, நான்கு மாடி மரக் கட்டடம். புது பாய்லரில் பராமரிப்பு வேலை இருந்ததால் அன்று பழைய பாய்லரை ஓட்டினார்கள். அது வெடித்து, மாடிகளையும் கூரையையும் துளைத்துக்கொண்டு பறந்தது. கட்டடம் சரிந்து தீப்பிடித்தது. 58 பேர் இறந்தார்கள். சுமார் 150 பேருக்குக் காயம்.

வெறும் தண்ணீருக்கு ஏன் இவ்வளவு வேகம்? சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 170 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். தகடு கிழிந்தால் அழுத்தம் சட்டென்று இறங்கும். உடனே அந்தத் தண்ணீரில் எட்டில் ஒரு பங்கு நீராவியாகிவிடும். ஒரு லிட்டர் தண்ணீரிலிருந்து ஏறக்குறைய 200 லிட்டர் நீராவி!

சரி, கணக்குக்கு வருவோம். தகட்டின் வலிமையைத் தடிமனால் பெருக்கி, இணைப்பின் திறனால் பெருக்கி, பீப்பாயின் ஆரத்தால் வகுத்தால் வெடிக்கும் அழுத்தம் கிடைக்கும். உதாரணத்துக்கு, வலிமை 55,000 பவுண்டு, தடிமன் அரை அங்குலம், இணைப்புத் திறன் 70 சதவீதம், ஆரம் 36 அங்குலம் என்றால் விடை சுமார் 535 பவுண்டு. அதை இன்னும் 5-ஆல் வகுத்து, 107 பவுண்டுக்கு மேல் ஏற்றாதே என்பார்கள். அந்த 5-க்குப் பெயர் பாதுகாப்புக் காரணி.

பிராக்டனில் கோளாறு எங்கே? தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து ரிவெட் அடிக்கும் லேப் ஜாயிண்டில். அப்படி இணைத்தால் பீப்பாய் சரியான வட்டமாக இருக்காது. அழுத்தம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் இணைப்பு கொஞ்சம் வளையும். வளைந்து வளைந்து விரிசல் விழும். அதுவும் மேல் தகடு மறைக்கும் இடத்தில்! சோதிக்க வருபவர் கண்ணுக்கே தெரியாது. சூத்திரம் தகட்டை முழுசாகத்தான் எடுத்துக்கொண்டது, உள்ளே தகடு பாதி பிளந்திருந்தது.

அதுவரை ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒவ்வொரு விதமாகக் கணக்குப் போட்டு வந்தார்கள். விபத்துக்குப் பிறகு 1907-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் பாய்லர் கட்டுமானத்துக்குச் சட்டம் கொண்டுவந்தது. 1911-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் ஒரு குழு அமைத்தது. அதன் விதித்தொகுப்பு 1915-ல் வெளிவந்தது. புது பாய்லர்களுக்கு 5 என்ற காரணி அதில் விதியாகவே வந்தது.

அழுத்தம் மட்டுமல்ல, ஓட்டத்துக்கும் அதில் விதி உண்டு. பாய்லர் உண்டாக்கும் நீராவி முழுவதையும் சேஃப்டி வால்வு வெளியேற்ற வேண்டும், அழுத்தம் அனுமதித்த அளவைவிட 6 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. வால்வின் ஓட்டத்துக்கு நேப்பியர் சூத்திரம் என்று ஒன்று இருக்கிறது. காற்றழுத்தத்தையும் சேர்த்த மொத்த அழுத்தத்தைத் துளையின் பரப்பால் பெருக்கி 70-ஆல் வகுத்தால், நொடிக்கு எத்தனை பவுண்டு நீராவி போகும் என்று தெரியும். 115 பவுண்டு அழுத்தம், ஒரு சதுர அங்குலத் துளை என்றால் நொடிக்கு சுமார் 1.64 பவுண்டு. ஆனால் விரிசல் விட்ட தகட்டை எந்த வால்வும் காப்பாற்றாது.

காமர்ஸ் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான். பழைய இயந்திரத்துக்கு வருஷா வருஷம் தேய்மானம் போட்டு, புத்தகத்தில் அதன் மதிப்பைப் பூஜ்யமாக்கிவிடலாம். மறுபடி அதை ஓட்டினால் உள்ளே ஏறும் அழுத்தம் மட்டும் பூஜ்யம் ஆகாது. 5-ஆல் வகுத்தால் தகடு தடிமனாகும், செலவு கூடும். அதை முதலாளியின் இஷ்டத்துக்கு விடக் கூடாது என்று புரியவைக்க 58 பேர் சாக வேண்டியிருந்தது.