உயர்த்தாத லேண்ட் ரோவருக்குப் பெரிய டயர் பொருந்துமா?

கண்டியை அடுத்த நக்கிள்ஸ் மலைப்பாதைகளில் பழைய ஜீப்பின் அடிப்பாகம் கல்லில் இடிபடுவது வழமை. அதனால்தான் பலர் பெரிய டயரைத் தேடுகின்றனர்.

88 அங்குல லேண்ட் ரோவருக்குரிய வழமையான டயர் 6.00–16. நீளமான 109 அங்குல வண்டிக்குரியது 7.50–16. வண்டியை உயர்த்தாமலே பிந்தையதைக் குட்டை வண்டியிலும் பூட்டலாம். அச்சு ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் மேலெழும்.

ஆனால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் முன் டயர் ஸ்பிரிங்கில் உரசும். திருப்பத்தைக் கட்டுப்படுத்தும் தடுப்பு போல்ட்டைச் சரிசெய்ய வேண்டும். அதன்பின் வண்டி திரும்ப அதிக இடம் எடுக்கும். சுமையேற்றி, ஒரு சக்கரத்தை மேட்டில் ஏற்றி, டயர் மட்கார்ட்டில் முட்டுகிறதா என்றும் பாருங்கள். நான்கு டயரும் ஒரே அளவாக இருக்கட்டும்.

சுற்றளவு சுமார் 10 வீதம் கூடுவதால், வேகமானி 40 காட்டும்போது உண்மை வேகம் 44 கிலோமீற்றர். இறக்கத்தில் எஞ்சினின் பிடி குறையும், பிரேக்கின் சுமை கூடும். மகியங்கனை வீதியின் ‘பதினெட்டு வளைவு’ போன்ற இறக்கங்களில் வழமையைவிடக் குறைந்த கியரில் இறங்குங்கள்.

ஆட்களை ஏற்றும் வண்டியென்றால், முதலில் பிரேக்கைத் திருத்துங்கள், டயர் பிறகு.