தம்மை எண்ணாதவர்கள்



நம் விருத்தாசலத்துக்கு அருகே கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்கு ஆலயம் எழுப்பிய வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலியில் பிறந்தவர். 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார், சதுரகராதி தொகுத்தார். செருக்குக் கொள்ள இதைவிட என்ன வேண்டும்? அவரேதான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதினார்.

குருவும் ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கிறார்கள். கரையேறி எண்ணினால் ஐந்து பேர்தான் வருகிறது. எண்ணுகிறவர் ஒவ்வொருவரும் தம்மை விட்டுவிடுகிறார். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று ஒரே அழுகை. வழிப்போக்கன் ஒருவன் ஆளுக்கொரு அடி வைத்து எண்ணிய பிறகே கணக்குச் சரியானது.

இந்நூலை இலத்தீன் மொழிபெயர்ப்போடு யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? தமிழ் கற்க வந்த புதிய மறைப்பணியாளர்களுக்கு! குருவைக் கேலி செய்யும் கதை, குருக்களின் கைக்கே பாடநூலாக வந்தது.

லூக்கா நற்செய்தியில் வரும் பரிசேயரும் இப்படித்தான் எண்ணினார். அயலாரின் பாவங்களை அடுக்கி, தொலைவில் நின்ற வரிதண்டுபவரையும் சேர்த்துக்கொண்டார். தம் பாவம் மட்டும் கணக்கில் வரவில்லை.

சென்ற ஞாயிறு, தாமதமாக வந்தவர்கள் 14 பேர் என்று பீடத்திலிருந்து எண்ணிச் சொன்னேன். அன்று திருப்பலியை 10 நிமிடம் தாமதமாகத் தொடங்கியவன் நான்.