கொலோன் பேராலயம்

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கொலோன் நகரில் புகைவண்டியை விட்டு இறங்குபவர், நிலைய வாயிலைக் கடந்ததும் அண்ணாந்து பார்க்கிறார். எதிரே 157 மீட்டர் உயர்ந்த இரட்டைக் கோபுரங்கள்! உள்ளே நுழைந்தால், கூர்நுனி வளைவுகள் கண்ணை மேலே மேலே இழுக்கின்றன. யாவும் ஒரே மூச்சில் எழுந்தவை போலத் தோன்றும். உண்மை வேறு.

1248-ல் அடிக்கல் நாட்டினர். 16-ஆம் நூற்றாண்டில் பொருள் வரவு சுருங்கவே பணி நின்றது. முற்றுப்பெறாத தென் கோபுரத்தின் மீது, கல் தூக்கும் மர எந்திரம் ஒன்று அப்படியே விடப்பட்டது. முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே நின்றது. பிறந்தவர்கள் அதைப் பார்த்து வளர்ந்தனர், பார்த்தபடியே மாண்டனர். நகரை வரைந்த ஓவியர்கள் அதனையும் சேர்த்தே வரைந்தனர். கைவிட்ட பணியின் சின்னம் என்று சிலர் அதனைக் கூறக்கூடும். நான் அவ்வாறு கருதவில்லை. வேலை இன்னும் முடியவில்லை என்று ஊருக்கு அன்றாடம் உரைத்தது அதுதானே?

இடைக்காலச் சிற்பிகள் தோலில் தீட்டிய முகப்பு வரைபடமும் காணாமற் போயிருந்தது. அதன் ஒரு பாதி 1814-ல் டார்ம்ஸ்டாட் நகரிலும், மறுபாதி 1816-ல் பாரிசிலும் அகப்பட்டன. 1842-ல் மீண்டும் உளியோசை எழுந்தது. ஐந்நூறு ஆண்டுகட்கு முன் இட்ட கோடுகளின் வழியே கோபுரங்கள் உயர்ந்தன. 1868-ல் பழைய எந்திரத்தை இறக்கினர். 1880-ல் பணி நிறைவுற்றது. அவ்வரைபடம் இன்று ஆலயத்தினுள்ளேயே, ஒளி பட்டு மங்காவண்ணம் திரையிட்டுக் காக்கப்படுகிறது.