காசு கொடுத்தவருக்கா, கேமரா பிடித்தவருக்கா? போட்டோ யாருக்குச் சொந்தம்? போட்டோகிராபர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய சட்டங்கள்!

கல்யாணம் முடிஞ்சாச்சு. ஆல்பம் கொடுத்து, பாக்கிப் பணமும் வாங்கியாச்சு. ஒரு மாதம் கழித்து மணப்பெண்ணின் படத்தைத் தன் ஸ்டுடியோவின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுகிறார் போட்டோகிராபர். "யாரைக் கேட்டுப் போட்டீங்க?" என்று பெண் வீட்டிலிருந்து போன் வருகிறது. "நான் எடுத்த படம்தானே மேடம்?" என்கிறார் இவர்.

பல ஊர்களில் நடக்கும் சண்டைதான் இது. சட்டம் யார் பக்கம் என்று கேட்டால், பெரும்பாலும் பெண் வீட்டார் பக்கம். ஒரு படத்தை எடுப்பது, அதைச் சொந்தம் கொண்டாடுவது, வெளியிடுவது என மூன்றும் தனித்தனி விஷயங்கள். ஒன்றுக்கு அனுமதி கிடைத்தால் மற்ற இரண்டுக்கும் கிடைத்ததாக ஆகாது.

படம் யாருக்குச் சொந்தம்?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவர்தான் அதன் படைப்பாளி. பொதுவாக உரிமையும் அவருக்கே. யாரும் சொல்லாமல் மெரினாவில் சூரிய உதயத்தை நீங்களாகவே எடுத்தால் அது உங்கள் படம். பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை.

ஆனால் ஒருவர் கேட்டு, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம் என்றால் கதையே வேற. வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்தவர்தான் முதல் உரிமையாளர் என்கிறது அதே சட்டத்தின் 17-வது பிரிவு. கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாமே இதில் அடங்கும். ஒரு நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர், வேலையின் பகுதியாக எடுக்கும் படத்தின் உரிமையும் பொதுவாக நிறுவனத்துக்குத்தான்.

உரிமை கைமாறினாலும் போட்டோகிராபரிடம் ஒன்று மிச்சம் இருக்கும். "இதை எடுத்தது நான்" என்று சொல்லவும், தன் பெயரைக் கெடுக்கும்படி படத்தைச் சிதைத்தால் எதிர்க்கவும் 57-வது பிரிவு இடம் தருகிறது.

உரிமை இருந்தால் எங்கே வேண்டுமானாலும் போடலாமா?

முடியாது. ஆட்டோ சங்கர் சுயசரிதை தொடர்பான வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. ஒருவரின் பெயரையோ உருவத்தையோ சம்மதம் இல்லாமல் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்று அதில் குறிப்பிட்டது. 2017-ல் 9 நீதிபதிகள் அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றே உறுதி செய்தது.

ஸ்டுடியோ பக்கத்தில் போடும் படமும் ஒரு வகையில் விளம்பரம்தானே! அதனால் ஒப்பந்தப்படி உரிமை உங்களிடமே இருந்தாலும், படத்தில் இருப்பவரிடம் கேட்பதுதான் பாதுகாப்பு.

ஜெயில் வரை போகும் தவறுகள்

மணப்பெண் அறையில், உடை மாற்றும்போது 'கேண்டிட்' எடுக்கிறேன் என்று கேமராவைத் தூக்குவது பெரிய ஆபத்து. பெண்ணின் அந்தரங்கத் தருணத்தைப் படம் பிடிப்பதும் பரப்புவதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77-வது பிரிவில் குற்றம். முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு சிறை. படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்குக் காட்டச் சம்மதிக்கவில்லை என்றால், பரப்புவதும் இதே குற்றம்தான்.

ஆண், பெண் யாராக இருந்தாலும், சம்மதமின்றி அவரது அந்தரங்க உறுப்புகளைப் படம் எடுப்பதும் பகிர்வதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவில் வரும். 3 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் படங்களை வெளியிடக் கூடாது. குழந்தைகள் என்றால் போக்சோ, சிறார் நீதிச் சட்டங்களும் சேர்ந்து தடுக்கின்றன. முகத்தை மட்டும் மறைத்தால் போதாது. வீடு, பள்ளிச் சீருடை, பெற்றோர் முகம் ஆகியவையும் அடையாளம்தான்.

தெரு, கோயில், ட்ரோன்: எங்கே எடுக்கலாம்?

பொது இடத்தில் நிரந்தரமாக நிற்கும் சிலைகளையும், கட்டடங்களையும் படம் எடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. ஆனால் பாதுகாப்பு காரணமாகத் தடை செய்யப்பட்ட இடங்களில் எடுத்தால் 1923-ம் ஆண்டு அரசு ரகசியச் சட்டம் பாயலாம். தமிழ்நாட்டுக் கோயில்களுக்குள் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோயில் கல்யாணம் என்றால் நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

ட்ரோனுக்கு 2021 விதிகள் இருக்கின்றன. வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள் நிறத்தில் இருக்கும் பகுதிகளில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. 250 கிராமுக்கு மேற்பட்ட ட்ரோனைக் காசு வாங்கிக்கொண்டு இயக்கினால் ரிமோட் பைலட் சான்றிதழும் வேண்டும்.

சட்டம் தடுக்காது, மனசாட்சி?

மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்து ரீல்ஸாகப் போடுவது இன்று சகஜமாகிவிட்டது. பெற்றோர் சரி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நாளைக்கு வகுப்பில் கிண்டலைச் சந்திக்கப் போவது அந்தச் சிறுமிதான். வீட்டு ஆல்பத்தோடு நிறுத்திக்கொண்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

1993-ல் சூடானில் பசியால் சுருண்டு கிடந்த குழந்தையையும் அருகே காத்திருந்த கழுகையும் படம் எடுத்தார் கெவின் கார்ட்டர். உலகத்தையே உலுக்கிய அந்தப் படம் 1994-ல் புலிட்சர் பரிசு வென்றது. கூடவே, "குழந்தைக்கு என்ன ஆச்சு? நீங்க ஏன் தூக்கலை?" என்ற கேள்வியும் அவரைத் துரத்தியது. சாலை விபத்தில் அடிபட்டவரைப் பார்த்து முதலில் போனை எடுக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

என்ன செய்யணும்?

அட்வான்ஸ் வாங்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதி இரு தரப்பும் கையெழுத்து போட்டுக்கொள்ளலாம். அதில் இருக்க வேண்டியவை:

• படத்தின் உரிமை யாருக்கு? உரிமையை மாற்றித் தர எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் அவசியம். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.
• சமூக வலைதளத்தில் போடலாமா? எந்தெந்தப் படங்கள்?
• குழந்தைகள் படத்தைப் போடலாமா, கூடாதா?
• நீக்கச் சொன்னால் எத்தனை நாளில் நீக்க வேண்டும்?
• ஒரிஜினல் ஃபைல்களை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?

படம் எடுக்கச் சொல்பவர்களும் இதைக் கேட்டு வாங்கலாம். கையெழுத்துக்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். ஆனால் ஒரு முறை இணையத்தில் பரவிய படத்தை முழுசாகத் திரும்ப எடுப்பது ரொம்பக் கஷ்டம்.