சிக்கரி டின்களுக்குப் பின்னால் இருந்த மூட்டை

கும்பகோணத்தில் அப்பா வைத்திருந்த காப்பித்தூள் கடையில் பச்சைக் கொட்டை மூன்று ரகம் இருக்கும். கல்லாவுக்குப் பக்கத்தில் பீபெரி. அதை ஒட்டிப் பிளான்டேஷன் ஏ. உள்ளே, சிக்கரி டின்களுக்கும் பின்னால், ராபஸ்டா. அதைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கியவர்கள் ஹோட்டல்காரர்கள் மட்டும்தான். வீட்டுக்கு வாங்க வருகிறவர்கள், "ராபஸ்டா கலக்கலையே?" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். பால்காரரிடம் தண்ணீர் கலந்ததா என்று கேட்கிற அதே தொனி.

இப்போது கோயம்புத்தூரில் என் சமையல் மேடையில் ஒரு எஸ்பிரெசோ மிஷின் உட்கார்ந்திருக்கிறது. அதற்குத் தோதான கொட்டை எது என்று தேடப்போனால், இத்தாலிக்காரர்கள் காசு கொடுத்து விரும்பி வாங்குவது அந்தப் பின்மூட்டையைத்தான் என்று தெரிகிறது. இந்தியக் காப்பியை மிக அதிகமாக வாங்கும் நாடு பல வருடங்களாகவே இத்தாலிதான். அதில் ராபஸ்டாவுக்குப் பெரிய பங்கு.

நம் கடைகளின் தரவரிசை நாக்கை வைத்துப் போட்டதல்ல. பிளான்டேஷன் என்றால் பழத்தின் சதையை நீக்கித் தண்ணீரில் கழுவிக் காயவைத்த அரபிகா. 'ஏ' என்பது சல்லடைக் கணக்கு: 6.65 மில்லிமீட்டர் துளையில் விழாமல் மேலே நிற்கும் கொட்டை. பீபெரி, பழத்துக்குள் இரண்டு விதைக்குப் பதிலாக ஒன்றே உருண்டு விளைந்தது. அதே மரம், அதே கிளை. உருண்டையாக இருப்பதால் டிரம்மில் நன்றாகப் புரண்டு சீராக வறுபடும் என்பது வறுப்பவருக்கு லாபம். அதற்கு மேல் அதன் பெருமையில் பாதி, கேட்டுக் கேட்டுப் பழகிய பெருமை என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்பா இருந்தால் இதை எழுத விட்டிருக்க மாட்டார்.

எந்த மலைக் காப்பி என்று யாரும் கேட்காமல் போனதற்கும் ஒரு காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை அடைபட்டதும், விலை சரியாமல் இருக்க 1940இல் ஓர் அவசரச் சட்டமும் 1942இல் நிரந்தரச் சட்டமும் வந்தன. விளைச்சலைத் தோட்டக்காரர் காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் ஒப்படைக்க வேண்டும். வாரியம் அதை ரகம் பிரித்து ஏலம் விடும். ஏற்காடும் கீழ்ப்பழனி மலையும் சிக்மகளூரும் ஒரே குவியலில் சேர்ந்தன. ஊர்ப்பெயர் போய் ரகப்பெயர் நின்றது. 1990களில்தான் இந்தக் கட்டு அவிழ்ந்தது. கடைக்காரர் நாக்கில் அது இன்னும் அவிழவில்லை.

இனி இத்தாலி. 1884இல் டுரின் நகரத்து ஆஞ்ஜெலோ மொரியோண்டோ நீராவியால் காப்பி இறக்கும் மிஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். கோப்பை கோப்பையாக, கேட்டவருக்கு அப்போதே இறக்கித் தரும் மிஷின் 1901இல் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேராவுடையது. அந்த உரிமையை வாங்கி 1905 முதல் செய்து விற்றவர் பவோனி. இவற்றில் நீராவியேதான் வெந்நீரைத் தள்ளியது. அழுத்தம் ஒன்றரை அல்லது இரண்டு பார். தண்ணீரோ கொதிநிலை தாண்டியது. காப்பி கறுப்பாக, கருகின கசப்போடு, நுரையில்லாமல் இறங்கியது. 1935இல் எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக இத்தாலி மேல் பொருளாதாரத் தடை விழுந்தபோது அந்தக் காப்பிக்கும் பஞ்சம் வந்தது. வாற்கோதுமையையும் சிக்கரியையும் வறுத்துக் குடித்தார்கள். சிக்கரி நமக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பம் அக்கீலே காஜ்ஜியா என்பவரால் வந்தது. 1938இல் முதல் காப்புரிமை. போர் முடிந்ததும் சுருள்வில் வைத்த கைப்பிடி மிஷின். பிடியை இழுத்து விட்டால் வில் பிஸ்டனை அழுத்தி, எட்டு ஒன்பது பார் அழுத்தத்தில் வெந்நீரைத் தூளுக்குள் செலுத்தும். கோப்பையின் மேல் பழுப்பு நுரை நின்றது. நீராவி இல்லாமலே காப்பிக் கிரீம் தரும் மிஷின் என்றே அதை விளம்பரம் செய்தார். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61, கைக்குப் பதில் மின்சாரப் பம்பை வைத்தது. இன்றைய மிஷின்கள் எல்லாம் அதன் வழிவந்தவை.

கொட்டையின் தலையெழுத்து மாறியது இந்த நுரையால்தான். வறுத்த கொட்டைக்குள் அடைபட்ட கரியமில வாயு அழுத்தத்தில் வெளியேறும்போது நுரை எழும். அரபிகாவில் எண்ணெய் அதிகம், அது நுரையைச் சீக்கிரம் உடைக்கும். ராபஸ்டாவின் நுரை தடித்து நிற்கும். கஃபீனும் அதில் ஏறக்குறைய இரட்டிப்பு. இன்னொரு பக்கம் விலை. பல ஊர்களில் நகராட்சியே, நின்றுகொண்டு குடிக்கும் காப்பிக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவிலை வைத்திருந்தது. காப்பிக் கடைக்காரருக்கு மலிவான கொட்டை தேவை. மலிவானதே நுரையும் தந்தால் கசக்குமா? தெற்கே நேப்பிள்ஸ் பக்கம் ராபஸ்டா கூடுதல், வறுவலும் கறுப்பு. வடக்கே திரியெஸ்தேயில் 1933இல் தொடங்கிய இல்லி நிறுவனம் முழுக்க அரபிகா. ஆகவே 'இத்தாலிய முறை' என்று ஒன்றைப் பாக்கெட்டில் அச்சடித்து விற்பவரிடம், எந்த ஊர் இத்தாலி என்று கேட்கலாம். வீடுகளிலோ அந்தக் காலத்தில் இதெல்லாம் கிடையாது. 1933இல் வந்த பியாலெட்டியின் மோக்கா பாத்திரம் அடுப்பில் ஏறியது, அவ்வளவுதான்.

அதிக அழுத்தத்துக்கு இன்னொரு குணம் உண்டு: கொட்டையின் புளிப்பைத் தூக்கிக் காட்டும். அதனால் புளிப்புக் குறைந்த கொட்டைக்குக் கிராக்கி. அங்கேதான் மேற்குக் கரையின் மான்சூன் மலபார் உள்ளே வருகிறது. பாய்மரக் கப்பல் காலத்தில் மலபார்க் காப்பி நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர மாதக்கணக்காகும். மரக் கப்பலின் அடித்தட்டில் ஈரக்காற்று குடித்துக் கொட்டை உப்பி வெளிறிவிடும். பச்சையாக ஏறியது வைக்கோல் நிறத்தில் இறங்கும். வாங்கியவர்கள் அதுதான் காப்பியின் இயல்பு என்று பழகிப்போனார்கள். 1869இல் சூயஸ் திறந்து, நீராவிக் கப்பலும் வந்த பிறகு பயணம் சுருங்கியது. கொட்டை கெடாமல் போய்ச் சேர்ந்தது. பழைய ருசி எங்கே என்று நார்வே முதலிய நாட்டு வியாபாரிகள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்காக மங்களூர், தலச்சேரி பக்கம் கிடங்குகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டையைப் பரப்பி, கிளறி, தளர்ந்த சாக்கில் கட்டி, மறுபடி கொட்டி, தென்மேற்குப் பருவக்காற்றை வேண்டுமென்றே குடிக்க வைத்தார்கள். இன்றும் அப்படித்தான். புவிசார் குறியீடும் வாங்கியாகிவிட்டது. எங்கள் கடையில் இப்படிப்பட்ட மூட்டை வந்திருந்தால் அப்பா லாரியை விட்டு இறக்கவே விட்டிருக்க மாட்டார்.

வீட்டில் நான் செய்வது இது. ஏற்காடு அரபிகா ஆறு பங்கு, மான்சூன் மலபார் இரண்டு, கழுவிப் பதப்படுத்திய வயநாட்டு ராபஸ்டா இரண்டு. ராபஸ்டாவில் பழத்தோடு காயவைத்த செர்ரி வேண்டாம். மண் வாடை முன்னால் வந்து நிற்கும். மூன்றையும் தனித்தனியாக வறுக்கச் சொல்லிப் பிறகு கலக்க வேண்டும். மான்சூன் கொட்டை பச்சையிலேயே வெளிறியது, நிறத்தைப் பார்த்து வறுப்பவரை ஏமாற்றும், தணிந்த சூடு போதும். எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுக்க விடாதீர்கள். சிக்கரி கூடவே கூடாது. வறுத்த அன்றே அரைத்து வாங்குவது நம் ஃபில்டருக்கு அழகு. இங்கே ஒரு வாரம் பத்து நாள் கொட்டையாகவே மூடி வைத்து வாயு அடங்கியபின் போட்டால்தான் தண்ணீர் சீராக இறங்கும். கடையில் ஃபில்டருக்கு அரைத்த தூளைப் போட்டால் நிற்காமல் ஓடிவிடும். மிஷினைவிட அரைக்கும் கருவிக்குச் செலவு செய்வது மேல். இத்தாலியக் கணக்கு ஏழு கிராம் தூள், 25 மில்லி, 25 விநாடி. இரட்டைக் கோப்பைக்கு நான் 18 கிராம் போட்டு 36 கிராம் இறக்குகிறேன். விநாடி குறைந்தால் அரைவையை நைசாக்குகிறேன், கூடினால் ஒரு பல் தளர்த்துகிறேன்.

வாங்கும்போது பாக்கெட்டில் வறுத்த தேதியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான தூள் கடைகளில் அந்தப் பழக்கம் இல்லை. கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனால் எழுதித் தருவார்கள்.